நாற்பது சதவீதத்தின் பூர்வகதை

தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் பேசப்பட்டுவந்த 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டொழிந்த பிறகு, இனி இத்தகைய விபத்து நேர்ந்தால் சர்க்கார் யாருக்கு, எந்த முறையில் உதவி செய்வது என்பதை ஆராய்வதற்காக ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்பவரின் தலைமையில் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. 1880இல் வெளியான அதன் அறிக்கையையும், அதைத் தழுவி 1883இல் எழுந்த பஞ்ச நிவாரண விதிக்கோவையையும் இன்று புரட்டிப் பார்ப்பவர்கள் சரித்திர மாணவர்கள் மாத்திரமே. ஆனால் ஊனமுற்ற ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற தமிழ்நாட்டுக் குடும்பம் ஒவ்வொன்றும், தான் அறியாமலே, அந்த விதிக்கோவையின் ஒரு ஷரத்துக்குள்ளேதான் இன்னமும் நடமாடிக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஷரத்தின் சாரம் இதுதான். உடம்பில் வலுவுள்ளவர்கள் மண்வெட்டியும் கூடையும் எடுத்து, ரோடு போட்டோ ஏரி வெட்டியோ கூலி பெற வேண்டும். அந்த வேலைக்கு இசைவதே ஒருவன் மெய்யாகப் பசித்திருக்கிறான் என்பதற்குப் பரீட்சை. அந்தப் பரீட்சையில் இறங்க இயலாத குருடர், முடவர், சித்தசுவாதீனம் அற்றவர், தள்ளாத கிழவர் ஆகியோருக்கு அவர்கள் இருக்கும் கிராமத்திலேயே இலவசமாகத் தானியமோ காசோ கொடுக்கலாம். ஆனால் அவர்களைக் காப்பாற்ற நாட்டு வழக்கப்படி கடமைப்பட்டவர்களாகவும், காப்பாற்றும் சக்தி படைத்தவர்களாகவும் உள்ள உறவினர் எவரும் அவர்களுக்கு இருத்தலாகாது. கிராம முன்சீபும் கர்ணமும் பட்டியல் தயாரிக்க, மேலதிகாரி ஒருவர் கிராமம் கிராமமாக வந்து, பட்டியலில் உள்ளவர்களை நேரில் கண்டு சரிபார்ப்பது அக்காலத்து ஏற்பாடு.

பஞ்சகாலத்து அவசரத்துக்காக ஏற்பட்ட விதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஊனமுற்றவனுக்கு உதவுவது சர்க்காரின் கடமைகளுள் ஒன்று என்று முதன்முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்தக் கணத்திலேயே, அவனைத் தூக்கி வளர்த்துச் சோறூட்டி வருகிற குடும்பம், உதவி பெறத்தக்க ஒரு கட்சியாக அல்லாமல், உதவியை மறுப்பதற்குரிய ஒரு காரணமாக ஏட்டில் பதிந்துவிட்டது. இதற்கு முன்பு, 1802இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டுவித்த முக்தாம்பாள் சத்திரம் போன்ற தர்ம ஸ்தாபனங்களில், வந்து உட்கார்ந்தவனுக்கு இலை போடுவதே வழக்கமாயிருந்தது. உனக்கு உறவினர் உண்டா என்று எவரும் விசாரித்ததில்லை. அதற்காகச் சத்திர காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சத்திரத்துச் சோறு தர்மம்; கேட்டுப் பெறும் உரிமை அன்று. உரிமை என்ற ஒன்று பிறக்க வேண்டுமானால் பட்டியலும் அதிகாரியும் வேண்டியிருந்தன. பட்டியல் வந்தது, அதனுடன் கூடவே சந்தேகமும் வந்தது.

பட்டியல் போடும் ஆர்வம் ஜனத்தொகைக் கணக்கெடுப்பிலும் புகுந்தது. 1881 முதல் 1931 வரை பத்தாண்டுக்கொருமுறை வீட்டுக்கு வந்த கணக்கர்கள், அந்த வீட்டில் பைத்தியம், செவிட்டூமை, குருடு, குஷ்டம் என்ற நான்கில் ஏதேனும் உண்டா என்று வினவி எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கை நம்புவதற்கில்லை என்று அதனை எடுத்த அதிகாரிகளே திரும்பத் திரும்பக் குறைபட்டிருக்கிறார்கள். பெற்றோர் மறைக்கிறார்கள், பெண் மக்களைப் பற்றிச் சொல்லவே மறுக்கிறார்கள் என்பது அவர்களுடைய முறையீடு. மறைக்காமல் என்ன செய்வார்கள்? சொல்வதால் வரக்கூடிய லாபம் ஒன்றுமில்லை; நஷ்டமோ, அடுத்த பெண்ணின் கல்யாணப் பேச்சிலேயே வந்து நிற்கும். 1941இல் அந்தக் கேள்வி கைவிடப்பட்டது. நாற்பது வருஷங்கள் கழித்து, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் அது திரும்ப வந்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 11 லட்சம் பேர்தாம் கணக்கில் ஏறினார்கள். அதே ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தார் எடுத்த மதிப்பீடோ 1 கோடியே 20 லட்சம் என்றது. தமிழ்நாட்டின் எண்ணிக்கையும் இதைப் போலவே விசித்திரமானது. 2001இல் 16 லட்சத்து 42 ஆயிரமாக இருந்தது, 2011இல் 11 லட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் நாலரை லட்சம் பேர் குணமடைந்துவிட்டார்கள் என்று எண்ணுவார் எவரும் இலர். கேள்வியின் வாசகம் மாறியது, விடையும் மாறியது.

சர்க்கார் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் காரியம் செய்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், 1897இல் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் நிறுவிய பள்ளிகளும், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் சேவா சங்கத்தார் 1953இல் ஆரம்பித்த பால விஹாரும் பிரசித்தமானவை. வேலூரில், 1954இல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் என்ற வைத்தியரின் பிரயத்தனத்தால் 1966இல் ஒரு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளியோடு கூட அவருடைய உறவினரையும் தங்கவைத்து, படுக்கையில் புரட்டுவது முதல் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது வரை கற்றுக்கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். குடும்பத்தைச் சந்தேகத்துக்குரிய சாட்சியாக நடத்தாமல் சக ஊழியராக நடத்தலாம் என்பதை நம் நாட்டில் செய்துகாட்டிய இடங்களுள் அது ஒன்று.

சர்க்கார் பக்கத்திலோ பழைய ஷரத்தே புது உருவில் தொடர்ந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத் திட்டமும், அதன் வழியில் 1974இல் ஏற்பட்ட ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டமும் மிகவும் கருணை வாய்ந்தவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் பின்னதன் பெயரிலேயே ‘ஆதரவற்ற’ என்ற அடைமொழி முதலில் நின்றது. தாசில்தாருக்கு மனு, தாசில்தாரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து கிராமக் கணக்கருக்கும் அந்த மனு இறங்கி வரும். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் அந்தக் கணக்கரின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தமர்ந்தார். விசாரணை என்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மகனுக்கு ஆதரவில்லை என்று மனுவில் எழுதிக் கையொப்பமிடுகிற தகப்பனார், அந்த மகனின் தோளைத் தாங்கியபடி அங்கேயே நின்றுகொண்டிருப்பார். இல்லாதவராகத் தம்மைக் காட்டிக்கொண்டால்தான் இருக்கிற மகனுக்கு மாதப் பணம் என்ற இந்த நிர்ப்பந்தத்தில், பொய் சொல்லத் தெரியாதவர்கள் தோற்றார்கள். ஊரார் இந்தப் பணம் எல்லாவற்றுக்கும், முதியோர் ஓய்வூதியத்தின் ஆங்கிலச் சுருக்கமாகிய ‘ஓ.ஏ.பி.’ என்று பொதுப்பெயர் வைத்து, மணியார்டர் கொண்டுவரும் தபால்காரருக்குக் காப்பிச் செலவு கொடுத்து, திட்டத்தை ஒருவாறு தமதாக்கிக்கொண்டார்கள்.

இவ்வாறு உறவினரை எண்ணிக்கொண்டிருந்த சர்க்கார், பிற்பாடு உடம்பை அளக்கத் தலைப்பட்டது. 1986 ஆகஸ்டில் மத்திய சர்க்கார், ஊனங்களுக்குப் பொதுவான இலக்கணம் வகுத்து, சலுகை எதுவாயினும் அதைப் பெற ஊனம் குறைந்தபட்சம் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. 1995இல் நிறைவேறி 1996 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகை ஊனங்களைக் கூறி, அந்த நாற்பதைச் சட்டத்தின் அந்தஸ்துக்கு உயர்த்தியது. மூவருக்குக் குறையாத வைத்தியக் குழு சான்றளிக்க வேண்டும் என்று விதிகள் கூறின. ‘மெடிக்கல் போர்டு’ என்ற சொற்றொடர் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் புகுந்தது இந்தக் காலத்தில்தான். பஞ்சகாலத்து அதிகாரி கிராமத்துக்கு நடந்து வந்தார். கணக்கெடுப்பவர் வாசற்படி ஏறி வந்தார். போர்டு எவரிடமும் வராது. நடக்க இயலாதவன்தான், நடக்க இயலாதவன் என்று நிரூபிப்பதற்காக, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். தாயின் இடுப்பிலோ, அண்ணனின் சைக்கிள் கேரியரிலோ, கண்டக்டர் முகம் சுளிக்கும் பஸ்ஸிலோ அவன் போய்ச் சேர்ந்த நாளில், எலும்பு வைத்தியர் இருந்தால் காது வைத்தியர் லீவில் இருப்பார்.

அளக்கும் முறையைச் சற்று அருகே நின்று பார்ப்பது நலம். ஒரு கண் முழுவதும் போனவருக்கு 30 சதவீதம். ஆகவே அவருக்குச் சலுகை இல்லை. ஒரு கையில் 30, ஒரு காலில் 30 என்று ஊனம் உள்ளவருக்கு மொத்தம் 60 என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தொண்ணூறிலிருந்து கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கித் தொண்ணூறால் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணுடன் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் 50 வரும். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையாயின், மனநல நிபுணரின் மேஜைமேல் ஒரு மரப்பலகை இருக்கும். அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று பத்துப் பள்ளங்களும் அவற்றுக்கேற்ற பத்து மரத்துண்டுகளும் உண்டு. அதற்குச் செகுவின் பலகை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் இத்தகைய குழந்தைகளின் கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி கொடுப்பதற்காக அமைத்த கருவி, காலப்போக்கில் அவர்களை அளப்பதற்கான கருவியாயிற்று. நிபுணர் கடிகாரத்தைப் பார்த்திருக்க, குழந்தை துண்டுகளைப் பள்ளங்களில் பொருத்த வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் நிலைமை சங்கடமானது. வீட்டில் இத்தனை மாதங்களாக எதைச் செய்யப் பழக்கினாளோ அதை இன்று பிள்ளை செய்துவிடக் கூடாதே என்று அவள் உள்ளூர வேண்டிக்கொள்ளும்படி ஆகிறது. செய்துவிட்டால் சதவீதம் குறைந்துவிடும். பிள்ளையின் முன்னேற்றத்துக்கும் பிள்ளையின் உதவித்தொகைக்கும் பகை மூட்டிவிட்டதை இந்த முறையின் பெருங்குறையாக நான் கருதுகிறேன். ஒருமுறை அளந்ததோடும் முடிவதில்லை. 2018இன் வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய குழந்தைக்கு ஐந்து வயதுக்குள் தருவது தற்காலிகச் சான்று. பத்திலும் பதினெட்டிலும் மறுபடியும் அளந்த பின்னரே ஆயுட்காலச் சான்று.

அளவுகோலே இல்லாதவர்களின் கதை இன்னும் துயரமானது. 1995இன் சட்டம் மனநோயையும் ஏழில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. ஆனால் மனநோயின் சதவீதத்தைக் கணக்கிடும் அளவுகோல் 2002 பிப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. சட்டம் உரிமை கொடுத்தும் போர்டு அதை எழுதித்தர வழியில்லாத ஆறு வருஷங்கள் இடையில் ஓடின. அந்த ஆறு வருஷங்களின் முடிவில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைப் பலர் அன்று நிந்தித்தார்கள். தென்கோடி மாவட்டத்துக் கூலிக்காரருக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும், இரவில் எழுந்து ஓடுகிற மகனை வீட்டில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது எவ்வாறு என்பதையும் யோசித்தவர்கள் அவ்வளவு எளிதில் நிந்திக்கமாட்டார்கள். ஆட்டிஸம் உள்ள குழந்தைகளின் விஷயமும் இத்தகையதே: 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றுவிட்டது; அதனை அளக்கும் இந்திய அளவுகோல் அரசிதழில் ஏறியது 2016இல். இடைப்பட்ட காலத்தில், புத்திக்கூர்மை குறைந்த குழந்தை வேறொரு பெயரில் சான்று பெற்றது. கூர்மை குறையாத குழந்தைக்கு அதுவும் கிட்டவில்லை.

அந்தத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற பெற்றோரின் கேள்வியைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிவைத்த வகையில் அது போற்றத்தக்கது. ஆனால் பதினெட்டு வயது நிறைந்த மறுநாள், பெற்ற தாய் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளர் அல்லள். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து அந்தப் பதவியைப் பெற வேண்டும். பிள்ளையின் உரிமையைப் பேராசை பிடித்த உறவினரிடமிருந்து காக்க இது அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், காப்பாளர் சான்றைக் கொண்டுவாருங்கள் என்று பாங்கி மானேஜர் சொல்லும் தினத்தில்தான் இப்படி ஒரு குழு இருப்பதே அநேகம் தாய்மாருக்குத் தெரியவருகிறது.

ஊனத்தைச் சான்றளிக்கும் அடையாள அட்டை கைக்கு வந்த பிறகும் அலைச்சல் வேறு திசையில் திரும்புகிறதேயன்றி ஓய்வதில்லை. இந்நாளில் மாற்றுத்திறனாளிகள் எனப்படுவோருக்குத் தமிழ்நாட்டில் மாதப் பணம் தரும் வாசல்கள் இரண்டு: வருவாய்த் துறையின் ஓய்வூதியம் ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மற்றொன்று. பின்னது கடும் ஊனம் உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியது. 2023இல் அது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. ஒன்றைப் பெற்றால் மற்றது இல்லை. பஸ் சலுகைக்கு ஒரு சீட்டு. ரயில் சலுகைக்கு ரயில்வேயின் நமூனாவில் இன்னொரு வைத்தியச் சான்று. வருஷாவருஷம், இன்னார் உயிருடன் இருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பம். ஒவ்வொரு ஜெராக்ஸுக்கும் ஒவ்வொரு பஸ் கட்டணத்துக்கும் மேலாக, ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியை எந்தத் திட்டமும் கணக்கில் கொள்வதில்லை. இந்தக் கணக்கை வெளிப்படையாக எழுப்பியவர்களுள், தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தாரைக் குறிப்பிட வேண்டும். பாதுகாப்போரையும் தங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு, சாலையில் அமர்ந்து மறியல் செய்தவர்கள் அவர்கள்.

2016இன் இறுதியில் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய உரிமைச் சட்டம், ஊனங்களின் வகையை 21 ஆக்கியதோடு, கூலி பெற்றோ பெறாமலோ பராமரிக்கிற பெற்றோரையும் குடும்பத்தினரையும் பராமரிப்பாளர் என்று இலக்கணம் வகுத்து, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியும் வழங்கலாம் என்று கூறியது. 1883க்குப் பிறகு நூற்று முப்பத்துமூன்று வருஷங்கள் கழித்து, இருத்தலாகாது என்று ஏட்டில் இருந்த உறவினருக்கு இருக்கலாம் என்ற அனுமதி கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட உரிமைகள் திட்டத்தில், களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று கணக்கெடுக்கவும், ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்களில் பல சிகிச்சைகளை ஒரே கூரையின்கீழ் கொடுக்கவும் ஏற்பாடாகியிருப்பதும் நல்ல திருப்பமே.

ஆனால் சான்றிதழ் மாத்திரம் மேலும் தொலைவுக்குப் போய்விட்டது. 2021 ஜூன் முதல் நாடு முழுவதும் அது கணினி வழியாகவே வழங்கப்படுகிறது. பதினெட்டு இலக்க எண்ணுள்ள ஒரே அட்டை எல்லா மாநிலங்களிலும் செல்லும் என்பது மெய்யான சௌகரியம்தான்; எனினும் போர்டுக்குப் போகுமுன் இ-சேவை மையத்துக்கும், அதற்குமுன் விரல் விரியாத பிள்ளையின் ரேகையைப் பதிக்க ஆதார் மையத்துக்கும் போயாக வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள், ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்றிருந்த கெடுவை மூன்று மாதமாக்கின. 40க்குக் குறைந்தவருக்கு வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டைக்கு நிறம் வகுத்தன. அவற்றிலேயே இன்னொரு விதியும் உண்டு: விண்ணப்பத்தின்மேல் வைத்திய அதிகாரி இரண்டு வருஷங்களுக்கு மேலாக முடிவெடுக்காவிட்டால் அது செயலற்றதாகிவிடும், குடும்பத்தார் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அதிகாரியைத் தாமே அணுக வேண்டும். முடிவெடுக்கத் தவறிய அதிகாரிக்கு என்ன என்பதை அந்த விதி தொடவில்லை.